யார் வீட்டுப் பிள்ளை?

(முன்னாள் மாணவர் சந்திப்பின்போது கணிப்பொறித் துறைக் கருத்தரங்க அறையில் நிகழ்த்திய உரை. பேச்சு நடையை முழுவதும் மாற்றாமல் தந்திருக்கிறேன். நிரலில் வரும் சொற்களை, மேடையில் வாயால் சொன்னபடியே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.)



2010-ல் இந்தத் துறையிலிருந்து வெளியே போனவன் நான். செயற்கை அறிவைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் சொன்னார்கள். அதைப் பற்றிப் பேச இன்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இத்தனை வருஷமாகச் சோறு போடுவது வலைப்பக்கம் கட்டும் வேலை. அதில் ஒரு சின்ன மூலையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு பக்கத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் உறுப்புகளுக்கு சிஎஸ்எஸ் செலக்டர் மூலம் எப்படி ஒப்பனை செய்வது, அவ்வளவுதான். "இதுக்கு நாற்பது நிமிஷமா?" என்று கேட்டார்கள். பார்ப்போம். ஒரு மணிக்குச் சாப்பாடு என்பது எனக்கும் தெரியும்.

சிவில், மெக்கானிக்கல் படித்த பெரியவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே முதலில் இரண்டு வார்த்தை. வீட்டில் எவர்சில்வர் சம்படங்களை எப்படி வைப்பார்கள்? பெரியதற்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது. வலைப்பக்கமும் அப்படித்தான். பக்கம் என்ற பெரிய டப்பா. அதற்குள் தலைப்புப் பகுதி, உடல் பகுதி. உடலுக்குள் ஒரு பட்டியல், அதன் பெயர் யுஎல். பட்டியலுக்குள் வரி வரியாக எல்ஐ. அந்த எல்ஐ ஒன்றுக்குள்ளேயே இன்னொரு யுஎல் இருக்கலாம். இந்த அடுக்கை எழுதுவது எச்டிஎம்எல். எந்த டப்பாவுக்கு என்ன நிறம், எவ்வளவு எழுத்து, எங்கே கோடு என்று சொல்வது சிஎஸ்எஸ். "யாருக்கு" என்று சொல்கிற பகுதிக்குப் பெயர் செலக்டர். "என்ன" என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். "யாருக்கு" என்பதில்தான் வருஷக்கணக்காக ஆட்கள் விழுந்து எழுகிறார்கள்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994 அக்டோபரில் ஹோகோன் வியும் லீ என்ற நார்வேக்காரர், ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது இந்த யோசனையை எழுதி வெளியிட்டார். பெர்ட் பாஸ் என்ற டச்சுக்காரர் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு முறைப்படி வந்தது. "இதற்குள் இருக்கும் இது" என்று சொல்லும் வசதி அந்த முதல் பதிப்பிலேயே உண்டு. "இதற்கு நேர்ப்பிள்ளையாக இருக்கும் இது" என்று சொல்லும் குறி 1998-ல் இரண்டாம் பதிப்பில் வந்தது. ஆனால் 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்புக்கு அந்தக் குறி தெரியாது. 2006-ல் ஏழாம் பதிப்பு வந்தபிறகுதான் கற்றுக்கொண்டது. உலகில் பெரும்பாலோர் வைத்திருந்த உலாவி அது. ஆகவே நடுவில் ஓடிய எட்டு வருஷம், பக்கம் கட்டுகிறவர்கள் அந்தக் குறியே இல்லாதது மாதிரி எழுதிப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்றைக்கு என் பேச்சே அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

இந்தத் துறையில் உறவுமுறைச் சொற்களை நாம் கொண்டுவரவில்லை, அவர்களே வைத்திருக்கிறார்கள். பெற்றோர், பிள்ளை, மூதாதை, வழித்தோன்றல், உடன்பிறப்பு. ஆனால் இதைத் தமிழில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கிறது என்பது என் அனுபவம். பாருங்கள்.

"யுஎல் எல்ஐ" என்று நடுவில் ஓர் இடைவெளி விட்டு எழுதினால், யுஎல்-இன் வம்சத்தில் வரும் எல்லா எல்ஐ-யும் என்று பொருள். மகன், பேரன், கொள்ளுப்பேரன், அதற்குக் கீழே எத்தனை தலைமுறை போனாலும் சரி. "யுஎல் > எல்ஐ" என்று, கணக்கில் "பெரியது" என்பதற்குப் போடும் குறியைப் போட்டால் பெற்ற பிள்ளை மட்டும். பேரன் கிடையாது. கூட்டல் குறி போட்டால் அடுத்துப் பிறந்த தம்பி. அலைக்கோடு போட்டால் பின்னால் பிறந்த எல்லாத் தம்பிகளும். கவனிக்க வேண்டும்: தம்பிகள்தான், அண்ணன் வரமாட்டான். ஆங்கிலத்தில் உடன்பிறப்பு என்று ஒரே சொல் என்பதால் புதிதாகப் படிக்கிறவர்கள் இதில் குழம்புவார்கள். "அண்ணனை ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று அரைநாள் உட்கார்ந்திருப்பார்கள். நம் பாஷையில் தம்பி என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

இடைவெளியைப் பற்றி இன்னொன்று. ".முக்கியம்.சிவப்பு" என்று ஒட்டி எழுதினால், இரண்டு பெயரும் உடைய ஒரே ஆள். ".முக்கியம் .சிவப்பு" என்று நடுவே இடம் விட்டால் இரண்டு ஆள், ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர். ஒரு ஸ்பேஸ் பார் தட்டலில் குடும்பமே மாறிவிடும்.

இந்த விதியை உலாவி எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். நாம் இடமிருந்து வலம் எழுதுகிறோம்; உலாவி வலமிருந்து இடம் பார்க்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு பையன் ஓடி வருகிறான். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்கிறார். அப்பா பேர் சொல்கிறான். அப்பாவுக்கு அப்பா யார் என்கிறார். இரண்டு மூன்று படி ஏறியதும் "அட, நம்ம வகையறா" என்று விட்டுவிடுகிறார். உலாவியும் அப்படித்தான், எல்ஐ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, வழியில் யுஎல் இருக்கிறதா என்று பார்க்கும். தாத்தாவிடம் போய், "உங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிடுங்கள்" என்று ஆரம்பிக்காது. அதனால்தான் பன்னிரண்டு பெயரை வரிசையாக அடுக்கி எழுதினால் வேலை குறையும் என்பது வெறும் நினைப்பு. ஏற வேண்டிய படிதான் கூடும்.

நீங்கள் ஒரு விதியும் எழுதாமலே உள்ளடுக்கு செலக்டரைத் தினமும் பார்க்கிறீர்கள். பட்டியலுக்குள் பட்டியல் போட்டால் முதல் அடுக்குக்கு நிறைந்த புள்ளி, இரண்டாவதுக்கு வெற்று வட்டம், மூன்றாவதுக்குச் சதுரம் வரும். யார் சொல்லி வருகிறது? உலாவி தன்னோடு கொண்டுவரும் சொந்த ஒப்பனைத் தாளில் "யுஎல் யுஎல்", "யுஎல் யுஎல் யுஎல்" என்ற விதிகள் இருக்கின்றன.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2019-ல் ஒரு கல்வி உதவித்தொகை அறக்கட்டளை. பெயர் வேண்டாம். விண்ணப்பம் முழுவதும் இணையத்தில். கல்லூரியில் சேரப்போகிற பிள்ளைகள் சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஒரு பக்கம் வரும்: எது எது வந்து சேர்ந்தது என்று பட்டியல், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் பச்சை டிக். கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். அலுவலகத்தில் வயதான ஓர் அம்மா, விண்ணப்பங்களைப் பார்க்கிறவர், என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, புள்ளைங்க எல்லாம் டிக் விழுந்துருச்சு, முடிச்சாச்சுன்னு சொல்லுது. இங்க ஃபைலைத் தொறந்து பாத்தா பாதிப் பேப்பர் வரலை. யாரு பொய் சொல்றா?"

யாரும் பொய் சொல்லவில்லை. நிரலைத் திறந்து பார்த்தேன். விதி இப்படி இருந்தது: ".பெற்றவை எல்ஐ" என்ற செலக்டர், அதோடு பிஃபோர் என்ற துணை உறுப்பு, அதன் உள்ளடக்கமாக டிக் குறி. அதாவது, பெற்றவை என்று பெயரிட்ட பட்டியலின் வம்சத்தில் வரும் ஒவ்வொரு எல்ஐ-க்கு முன்னும் டிக் போடு. எழுதியவர் இதை எழுதிய நாளில் இது நூற்றுக்கு நூறு சரி. அப்போது பட்டியல் ஓர் அடுக்குதான். வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். பேரனே பிறக்காத வீட்டில் "என் வம்சத்துக்கெல்லாம்" என்று உயில் எழுதினால் யாருக்கு நஷ்டம்?

அடுத்த வருஷம் வேறொருவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வருமானச் சான்றிதழ் வந்துவிட்டது, ஆனால் அதில் பெற்றோர் கையெழுத்துப் பக்கம் வரவில்லை என்றால், அந்த வரிக்கு உள்ளேயே ஒரு சின்னப் பட்டியலாக "இன்னும் வர வேண்டியவை" என்று காட்டலாம் என்று நினைத்தார். எல்ஐ-க்குள் ஒரு யுஎல், அதற்குள் எல்ஐ. எச்டிஎம்எல் முறைப்படி ஒரு தப்பும் இல்லை. சிஎஸ்எஸ் தாளை அவர் தொடவே இல்லை. ஆனால் அந்தப் பழைய விதி, புதிதாகப் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கும் டிக் மாட்டிவிட்டது. "பெற்றோர் கையெழுத்துப் பக்கம்" என்ற வரிக்கு முன்னால் பச்சையாக ஒரு டிக். பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? செல்போனில் அவசரமாகப் பார்க்கிற பிள்ளை? அதுவும் வந்துவிட்டது என்றுதான் நினைக்கும். கண் தெரியாத மாணவர்கள் திரை வாசிப்பான் மூலம் கேட்கும்போதும் இதே கதைதான். பிஃபோர் வழியாகப் போடும் குறியை வாசிப்பான்கள் பலவும் குரலில் சொல்லும்.

இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நடுவில் இருந்த அந்த இடைவெளிதான், "வம்சம் முழுக்க" என்ற பொருளை வைத்துக்கொண்டு காத்திருந்தது. இதைத்தான் தம்பி தங்கைகளிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். இடைவெளி போட்டு எழுதும் செலக்டர் இன்றைக்குப் பக்கத்தில் இருக்கிற உறுப்புகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. இன்னும் பிறக்காத, இன்னொருவர் நாளைக்கு உள்ளே வைக்கப்போகிற உறுப்புகளைப் பற்றியும் பேசிவிடுகிறது. சில இடத்தில் அதுதான் வேண்டும். கட்டுரைக்குள் வரும் எல்லா இணைப்புக்கும் அடிக்கோடு என்றால் ".கட்டுரை ஏ" என்று வம்சத்துக்கே எழுதலாம், எழுத வேண்டும். டிக் என்பது அப்படிப்பட்ட சமாச்சாரம் இல்லை.

திருத்தம் என்ன? ".பெற்றவை > எல்ஐ". ஒரே ஒரு குறி. போட்டேன், உள்பட்டியலில் டிக் போய்விட்டது. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "டிக் போச்சு. எழுத்து இன்னும் பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவருக்கு நான் ஒரு டிப்ளமா கொடுப்பேன். ஏனென்றால் சிஎஸ்எஸ்ஸில் உள்ளே இருக்கும் உறுப்புக்கு ஒப்பனை வந்துசேர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செலக்டர் நேராக வந்து தொடுவது. மற்றொன்று, பெற்றோரிடமிருந்து வாரிசாக இறங்குவது. எழுத்தின் நிறம், எழுத்துரு, எழுத்தின் அளவு, வரி உயரம் இவையெல்லாம் வாரிசாக இறங்கும். கோடு, ஓரம், உள்ளிடம் இறங்காது. நினைத்துப் பார்த்தால் நியாயம்தான். அப்பாவைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வந்தால் பக்கம் ஜன்னல் கம்பி மாதிரி ஆகிவிடும். பின்னணி நிறமும் இறங்காது. இறங்கின மாதிரித் தெரிவது பிள்ளை கண்ணாடியாக இருப்பதால். ஆக, பச்சை நிறத்தை வெளி எல்ஐ-க்கு மட்டும்தான் கொடுத்தோம், ஆனால் அது உள்ளே ஒழுகியது. செலக்டரில் நேர்ப்பிள்ளைக் குறி போட்டால் தேர்வு நிற்கும், வாரிசு நிற்காது.

உள்பட்டியலுக்கு ".நிலுவை" என்று ஒரு பெயர் கொடுத்து, அதற்கு நேராக வேறு நிறம் கொடுத்தேன். இங்கே ஓர் ஆறுதல். வாரிசாக வந்த மதிப்பு எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், நேராகத் தொடும் மிகச் சாதாரண விதியிடம் தோற்றுவிடும். அப்பாவுக்கு ஐடி வைத்து, "இம்பார்ட்டன்ட்" முத்திரையும் குத்தி நிறம் கொடுங்கள். பிள்ளைக்கு வெறும் "எல்ஐ" என்று ஒரு விதி எழுதினால் பிள்ளை அதைத்தான் கேட்கும். தாத்தா சொத்தைவிடத் தன் கைக்கு வந்த சம்பளம் மேல் என்கிற கட்சி.

மூன்றாவது சிக்கல் ஒன்று பாக்கி. உள்ளே நிலுவை இருக்கும்போது வெளி வரியான "வருமானச் சான்றிதழ்" என்பதற்கு டிக் இருக்கலாமா? கூடாது. ஆனால் 2019-ல் சிஎஸ்எஸ்ஸால் அதைச் சொல்ல முடியாது. பிள்ளையைப் பார்த்து அப்பாவுக்கு ஒப்பனை செய்யும் வழி அப்போது இல்லை. சர்வரிலேயே கணக்குப் போட்டு வெளி எல்ஐ-க்கு ஒரு கிளாஸ் பெயர் சேர்த்து அனுப்பினோம். சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கம் சரியாகிவிட்டது. பிள்ளைகள் சரியாக வேண்டுமே. அலுவலகத்தார் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக ஃபோன் செய்தார்கள். கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். சிலருடைய நம்பர் மாறிப்போயிருந்தது. அந்த ஃபைல்கள் நிலுவையிலேயே நின்றன. ஒரு குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பேஸ். அந்த அறையில் உட்கார்ந்து ஃபோன் சத்தத்தைக் கேட்டவனுக்கு, "சிஎஸ்எஸ் எல்லாம் ஒரு புரோகிராமிங்கா?" என்று யாராவது கேலி செய்தால் சிரிப்பு வராது.

பிள்ளையைப் பார்த்து அப்பாவைத் தொடும் வழி பின்னால் வந்தது. இரட்டைப்புள்ளி போட்டு "ஹேஸ்" என்று எழுதுவது. 2022 மார்ச்சில் சஃபாரியிலும், அதே வருஷம் ஆகஸ்டில் க்ரோமிலும், 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துசேர்ந்தது. இவ்வளவு தாமதம் ஏன் என்று நீங்களே சொல்லலாம். பையனைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது சுலபம்; வழி ஒன்றுதான். தாத்தாவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் கிளை கிளையாகப் பிரியும். எங்கோ ஒரு கொள்ளுப்பேரன் மாறினால் மேலே எத்தனை பேருக்கு ஒப்பனையை மறுபடி கணக்கிட வேண்டும் என்று உலாவி செய்கிறவர்கள் பயந்தார்கள். அந்தக் கணக்கை வேகமாக முடிக்க வழி கண்டபிறகுதான் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தப் பக்கத்தைச் செய்தால் ஒரே வரி: ".பெற்றவை > எல்ஐ:நாட்(:ஹேஸ்(.நிலுவை))". பெற்றவையின் நேர்ப்பிள்ளையான எல்ஐ, அதன் வம்சத்தில் நிலுவை என்று யாரும் இல்லாவிட்டால், அதற்கு மட்டும் டிக். முன்னே சொன்னேனே, அண்ணனைப் பிடிக்க முடியாது என்று. இதே ஹேஸுக்குள் கூட்டல் குறி போட்டால் அண்ணனும் அகப்படுவான்.

இரண்டு விதி ஒரே உறுப்பைத் தொட்டால் எது ஜெயிக்கும் என்பது தனிக் கதை. நேரம் கருதி வேகமாகப் போகிறேன். மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஐடிகளின் எண்ணிக்கை, இரண்டாவதில் கிளாஸ்களின் எண்ணிக்கை, மூன்றாவதில் வெறும் உறுப்புப் பெயர்களின் எண்ணிக்கை. இடப்பக்கப் பத்தியிலிருந்து ஒப்பிட வேண்டும். பத்து கிளாஸ் சேர்ந்தால் ஓர் ஐடி என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இல்லை, நூறு சேர்ந்தாலும் ஆகாது. (2012-ல் சிலர் சோதித்தபோது 256 கிளாஸ் சேர்ந்து ஓர் ஐடியை வென்றது உண்மை. சில உலாவிகள் அந்த எண்ணை எட்டு பிட்டில் வைத்திருந்ததால் நிரம்பி அடுத்த பத்தியில் வழிந்துவிட்டது. இதை வைத்து யாரும் வீடு கட்ட வேண்டாம்.) மூன்று பத்தியும் சமம் என்றால் பின்னால் எழுதியது ஜெயிக்கும்.

இதில் ஒரு சங்கதியைப் பலர் நம்பவே மாட்டார்கள். நெருங்கிய உறவுக்கு இங்கே சலுகை கிடையாது! கறுப்புப் பின்னணி கொண்ட ".இருட்டு" பெட்டிக்குள் வெள்ளைப் பின்னணி கொண்ட ".வெளிச்சம்" பெட்டி, அதற்குள் ஓர் இணைப்பு என்று வையுங்கள். ".இருட்டு ஏ" வெளிர் நிறம் தருகிறது, ".வெளிச்சம் ஏ" அடர் நிறம் தருகிறது. இணைப்பின் சொந்த அப்பா வெளிச்சம்தான். ஆனாலும் இரண்டு விதிக்கும் எடை சமம் என்பதால் தாளில் எது கீழே இருக்கிறதோ அதுதான் செல்லும். இருட்டு விதி கீழே இருந்தால் வெள்ளைப் பின்னணியில் வெளிர் எழுத்து, கண்ணுக்கே தெரியாது. அப்பா பக்கத்தில் நிற்கிறாரா, கொள்ளுத்தாத்தா தூரத்தில் நிற்கிறாரா என்று செலக்டர் அளந்து பார்ப்பதில்லை. அந்த அளவையும் பார்க்கும் "ஸ்கோப்" என்ற விதி 2023-ல் க்ரோமிலும் 2024-ல் சஃபாரியிலும் வந்தது.

தமிழ்ப் பக்கம் செய்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், மேலே ".பெற்றவை" என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல, உலாவி ஏற்றுக்கொள்ளும். ஆனால் "கொ" என்ற எழுத்தைக் கணிப்பொறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும், தனித்தனியாக இரண்டு குறியாகவும். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. செலக்டர் அவற்றை ஒன்றாகக் கருதாது. எச்டிஎம்எல்-ஐ ஒருவர் ஒரு விசைப்பலகையிலும், சிஎஸ்எஸ்-ஐ இன்னொருவர் வேறொன்றிலும் அடித்தால், ".கொள்முதல்" என்ற விதி யாரையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, சாய்வெழுத்து. ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்ல "இஎம்" என்ற உறுப்பு எழுத்தைச் சாய்க்கும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை. உலாவி தானாக நேரெழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, காற்றில் விழுந்த வாழைமரம் மாதிரி. ஆகவே தமிழில் சாய்வை எடுத்துவிட்டுத் தடிப்பாக்கலாம் என்று விதி எழுதுகிறோம். தமிழ்ப் பத்திக்குள் ஓர் ஆங்கில வாக்கியம், அதற்குள் ஓர் இஎம் இருந்தால்? ":லாங்(டிஏ) இஎம்" என்று இடைவெளி போட்டு எழுதினால், மேலே எங்கோ தமிழ் மூதாதை இருப்பதால் அந்த ஆங்கில இஎம்-மும் அகப்பட்டுக்கொள்ளும். "இஎம்:லாங்(டிஏ)" என்று ஒட்டி எழுதினால், "நீ எந்த பாஷை?" என்று அந்த உறுப்பையே கேட்கும். அது தன்னில் ஆரம்பித்து மேலே பார்த்து, மொழி குறித்திருக்கும் முதல் ஆளைச் சொல்லும். இங்கே நெருங்கிய உறவு செல்லும்! ஆங்கில வாக்கியத்துக்கு ஆங்கிலம் என்று எச்டிஎம்எல்-இல் குறித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம், லேபில் எல்லோரும் மாட்டுவது. "டேபிள் > டிஆர்" என்று எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று வருவார்கள். நீங்கள் டேபிளுக்குள் நேராக டிஆர் எழுதினாலும் உலாவி நடுவில் டிபாடி என்று ஓர் அப்பாவைத் தானே நுழைத்துவிடும். அதேபோல் பி என்ற பத்திக்குள் டிவ் வைக்க முடியாது. டிவ்வைக் கண்டதும் பத்தியை மூடிவிடும். செலக்டர் பார்ப்பது நீங்கள் எழுதிய கோப்பை அல்ல, உலாவி தன் மனத்தில் கட்டிய மரத்தை. ஆய்வுக் கருவியைத் திறந்து அந்த மரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். பிறகு கேட்ட கேள்விகளில் ஒன்றை மட்டும் மலருக்காகச் சேர்க்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து, "அண்ணா, நெஸ்டிங்தான் ப்ரவுசர்லயே வந்துடுச்சே. உள்ளே உள்ளே எழுதிட்டுப் போனா சுலபமா இருக்கே, அதுல என்ன?" என்றார்.

நல்ல கேள்வி. விதிக்குள் விதி எழுதும் பழக்கம் 2006-ல் வந்த சாஸ் என்ற கருவியிலிருந்து பரவியது. 2023-ல் க்ரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் நேரடியாகவே வந்துவிட்டது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நிரலில் உள்ளே எழுதுவதும், பக்கத்தில் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. ".பெற்றவை" விதிக்குள் "எல்ஐ" என்று எழுதினால் அதற்குப் பொருள் பழைய இடைவெளிதான், வம்சம் முழுக்க. நேர்ப்பிள்ளை வேண்டுமானால் உள்ளேயும் அந்தக் குறியைப் போட்டு "> எல்ஐ" என்றுதான் எழுத வேண்டும். அடுத்தது எடை. வெளியே ஓர் ஐடியும் ஒரு கிளாஸும் காற்புள்ளி போட்டுச் சேர்த்து எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் விதி கிளாஸ் வழியாகத் தொட்டாலும் ஐடியின் எடையோடுதான் நிற்கும். பிறகு அதை மீற இன்னோர் ஐடி, அதை மீற இம்பார்ட்டன்ட் என்று போகும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தார் பெம் என்ற பெயரிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். உறவே வேண்டாம், ஒவ்வோர் உறுப்புக்கும் நீளமாகத் தனிப்பெயர். அதுவும் ஒரு வழி. எனக்கு அவ்வளவு சந்நியாசம் ஒத்துவராது. நான் இரண்டு அடுக்கு வரை போவேன், மூன்றாவதுக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்துவிடுவேன்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிவரை கீழே லேபில்தான் இருப்பேன். புராஜக்ட் பக்கம் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள் தம்பி, தங்கச்சி. உங்கள் பட்டியல் ஒன்றுக்குள் ஒரு புதுப் பட்டியலைச் செருகுவோம், சிஎஸ்எஸ்ஸைத் தொடாமல். எதெதற்கு எந்தச் சட்டை மாட்டிக்கொள்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.